போவோமா, இருப்போமா?



வன்னியில் வாழும் நமக்கு ஊர் விட்டு ஊர் போவது புதிய காரியம் அல்ல. கிளிநொச்சி நகரமே அப்படி உருவானதுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சனமும் வேலையின்மையும் பெருகியபோது, 1936இல் தொடங்கிய குடியேற்றத் திட்டத்தின் கீழ் வந்தவர்களே அங்கு காடு வெட்டிக் கழனி ஆக்கினார்கள். 1977இலும் 1983இலும் கலவரங்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்தவர்களும் வன்னியிலேயே வேரூன்றினார்கள்.

ஆனால், இடம்பெயர்தல் வேறு. இடம் மாறுதல் வேறு. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களையும், 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியவர்களையும், 2009இல் மெனிக் பாம் முகாமில் அடைபட்டவர்களையும், “போக விருப்பமா?” என்று எவரும் கேட்கவில்லை. கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். இன்று அப்படியல்ல. ஆற அமர இருந்து யோசிக்க நமக்கு அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தைப் பயன்படுத்தாமல், பக்கத்து வளவுக்காரர் கொழும்புக்குப் போய்விட்டார் என்பதற்காக நாமும் மூட்டை கட்டுவது சரியாகுமா?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தகப்பனுக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல். மூத்த மகள் பத்தாம் வகுப்பு. இளைய மகன் அடுத்த ஆண்டு முதலாம் வகுப்பு. வீட்டில் அப்பம்மாவும் இருக்கிறார். வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கும் மைத்துனர், “இங்கே வாருங்கள், பிள்ளைகளுக்கு நல்ல எதிர்காலம்” என்கிறார். இவர்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில், ஒரு கடதாசியின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் நன்மைகளையும் மறு பக்கம் தீமைகளையும் எழுதட்டும். பின்பு ஒவ்வொன்றின் அருகிலும், “இதை விட்டால் மறுபடி கிடைக்குமா?” என்று எழுதட்டும். இந்த ஒரு கேள்வியே இப்பாடத்தின் சாரம். மறுபடி கிடைக்கக் கூடியதைத் துணிந்து விடலாம். மறுபடி கிடைக்காததை விடுமுன் பத்துத் தடவை யோசிக்க வேண்டும்.

காணி

வன்னியில் வயற்காணிகள் பல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கிய பேமிற் காணிகள். காணியைப் பயன்படுத்திப் பராமரிக்க வேண்டும் என்பது பேமிற்றின் நிபந்தனை. அனுமதியின்றி விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. நிபந்தனையை மீறினால் பேமிற் இரத்தாகலாம். “வெள்ளைக் கடதாசியில் எழுதிக் கொடுத்து விட்டுப் போவோம்” என்று நினைப்பவர் தம்மையும் வாங்குபவரையும் ஏமாற்றுகிறார். சட்டத்தின் முன் அது செல்லாது. ஆகவே புறப்படுமுன் பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குப் போய், பேமிற் யார் பெயரில் இருக்கிறது, பின்னுரித்தாளர் பதியப்பட்டுள்ளாரா, காலபோகத்தை யார் செய்யலாம் என்பவற்றைக் கேட்டறியுங்கள்.

பிள்ளைகளின் படிப்பு

பெரும்பாலான பெற்றோர் சொல்லும் காரணம் இதுவே. ஆனால் பலர் அறியாத ஒன்று உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதமான இடங்களே அகில இலங்கைத் தகுதியில் வழங்கப்படுகின்றன. 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியவை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை. மாணவர் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை, உயர்தரப் பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் அவர் படித்த பாடசாலையைக் கொண்டே முடிவு செய்கிறார்கள். பத்தாம் வகுப்பு மகளைக் கொழும்புக்குக் கொண்டுபோனால், அவர் கொழும்பு மாவட்ட மாணவர்களோடு போட்டியிட நேரிடும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலை வாங்கி வாசித்த பின்பே முடிவெடுங்கள்.

இளைய மகன் காரியமும் இலகுவல்ல. பெயர்பெற்ற பாடசாலைகளின் முதலாம் வகுப்பு அனுமதியில், பெற்றோரின் பெயர் அப்பகுதி வாக்காளர் இடாப்பில் எத்தனை ஆண்டுகள் இருந்தது என்பதற்கும் புள்ளி உண்டு. புதிதாக வந்தவருக்கு அந்தப் புள்ளி ஏது?

மேற்படிப்புக்கு ஊரை விட்டே ஆக வேண்டும் என்ற நிலையும் இன்று இல்லை. யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்துள்ளது.

தொழிலும் செலவும்

வயல்காரரும் கடற்றொழிலாளரும் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். முல்லைத்தீவுக் கடலில் வலை வீசியவரின் கைத்திறன் வவுனியா நகரில் விலைபோகாது. வீட்டு நெல்லும், முருங்கையும், கோழி முட்டையும், கிணற்றுத் தண்ணீரும் இங்கே கணக்கில் வராத வருமானம். நகரத்தில் இவை அத்தனையும் காசு. அதற்கு மேல் வீட்டு வாடகையும் முற்பணமும். கையில் நிச்சயமான வேலை இல்லாமல், “போனால் ஏதும் கிடைக்கும்” என்று குடும்பத்தோடு போவது தகாது.

போக வேண்டியவர்களும் உண்டு

எவரும் போகக் கூடாது என்பது நம் கருத்தல்ல. வீட்டில் ஒருவருக்கு நிபுண வைத்தியரிடம் இடைவிடாத சிகிச்சை தேவையானால், போகத்தான் வேண்டும். நிரந்தர உத்தியோகத்தில் இடமாற்றம் வந்தால், குடும்பம் பிரிந்திருப்பதிலும் சேர்ந்து போவதே மேல். காணியோ தொழிலோ இல்லாத இளைஞன், நகரத்தில் ஒரு தொழிலையும் சிங்களத்தையும் கற்றுக்கொள்வது நல்லதே. இவர்கள் மனக்குறையின்றிப் புறப்படட்டும்.

போகிறவர்கள் பங்குக் குருவானவரிடம் சொல்லி, ஞானஸ்நானப் பத்திரங்களையும் அறிமுகக் கடிதத்தையும் பெற்றுச் செல்லுங்கள். முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்குப் போனாலே மேற்றிராசனம் மாறுகிறது; அது யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தது, இது 1981இல் உருவான மன்னாரைச் சேர்ந்தது. போன முதல் ஞாயிறே புதிய பங்கில் உங்களை அறிமுகம் செய்யுங்கள். அறிமுகமில்லாத நகரத்தில் ஆபத்துக்கு முதலில் வருகிறவர்கள் பங்கு மக்களே.

வயோதிபர்

அப்பம்மாவின் பெயரையும் கடதாசியில் எழுத மறக்க வேண்டாம். பல தடவை ஓடி, தறப்பாள் கொட்டிலில் படுத்து, மறுபடி தன் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தவர் அவர். அவரை மாடி வீட்டு அறைக்குள் வைத்துப் பூட்டுவதா, இங்கே தனியே விட்டுப் போவதா? இதற்கு ஒழுங்கான விடை கிடைக்கும்வரை முடிவு எடுக்காதீர்கள்.

நாம் எண்ணிப் பார்த்த குடும்பத்துக்கு என்ன சொல்லலாம்? மகளின் உயர்தரப் பரீட்சை முடியும்வரை பொறுக்கலாம். வயலில் வேலை குறைந்த மாதங்களில் தகப்பன் மட்டும் மைத்துனரின் கடையில் நின்று பார்க்கலாம். காணியையும் வீட்டையும் கைவிடாமல் இருந்தால், பின்னர் போகவும் முடியும், போன பின் திரும்பவும் முடியும்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நாங்கள் போக நினைப்பது தேவைக்காகவா, பிறரைப் பார்த்தா?
2. போகும் இடத்தில் முதல் ஆறு மாதச் செலவுக்கு வழி என்ன?
3. திரும்பி வர நேர்ந்தால், வந்து நிற்க இடம் இருக்கிறதா?
4. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும், பிள்ளைகள் உட்பட, தம் மனதில் உள்ளதைச் சொன்னார்களா?

நான்காவது கேள்விக்கு “ஆம்” என்று சொல்ல முடியாத வீட்டில், அந்தக் கடதாசி இன்னும் சில நாள் மேசையிலேயே கிடக்கட்டும்.