செயலியும் சபையும்

மகாநாடுகளையும் வர்த்தகக் கூட்டங்களையும் முன்னின்று நடத்துகிறவர்களிடையே சென்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றிவிட்டது. நிகழ்ச்சிக்கென்று தனியே ஒரு கைப்பேசிச் செயலியைத் தயாரித்து, வாயிலிலேயே கியூஆர் குறியீட்டை மாட்டிவைத்து, வந்திருக்கும் பிரதிநிதிகள் அனைவரையும் அதைப் பதிவிறக்கிக்கொள்ளும்படி செய்துவிட்டால், அதன் பிறகு அவர்கள் தாமாகவே உற்சாகம் கொண்டு, வினாக்கள் எழுப்பி, முன்பின் அறியாதவரோடு பரிச்சயம் செய்துகொண்டு, மாலை வரையில் சபை கலகலப்பாக விளங்கும் என்பதே அந்த நம்பிக்கை. நல்ல செயலி ஒரு கூட்டத்துக்குச் செய்யக்கூடிய சகாயத்தை நேரிலே கண்டவன் நான். ஆகையால் அதை வேண்டாம் என்று சொல்வது என் உத்தேசமன்று. ஆனால் வந்தவரை வரவேற்று, இவர் இன்னார் என்று மற்றவருக்கு அறிமுகம் செய்து, அவர் பேச்சுக்குக் காது கொடுக்கும் கடமை கூட்டம் நடத்துகிறவருடையது என்பதும், செயலி அதில் கூடமாட ஒத்தாசை செய்யும் பணியாளே என்பதும் மறக்கப்பட்டுவிடுகின்றன. அந்த மறதியிலிருந்து கிளைத்த சில அபிப்பிராயங்களையே இங்கே எடுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

செயலி வந்தால் கூட்டத்துக்கு உயிர் வரும் என்கிறவர்கள் ட்விட்டரின் கதையை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் சௌத் பை சௌத்வெஸ்ட் மகாநாட்டில், 2007 மார்ச் மாதம், அதற்கு முந்திய ஆண்டுதான் தோன்றியிருந்த அந்தச் சேவையில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 ஆக இருந்த செய்திகள் 60,000 ஆகப் பெருகின. கணக்கு உண்மையானதுதான், ஆனால் அது எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பிரதிநிதிகள் ஓர் அரங்கிலிருந்து மற்றோர் அரங்குக்குப் போகும் நடைக்கூடங்களில் பெரிய திரைகளை நிறுத்தி, அவர்கள் எழுதியவை உடனுக்குடன் அவர்கள் கண்ணிலேயே படும்படி நிறுவனத்தார் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஐஃபோன் அப்பொழுது விற்பனைக்கே வரவில்லை. அது வந்தது அவ்வாண்டு ஜூன் மாதத்தில். ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது 2008 ஜூலையில். ஆகவே இன்று நாம் செயலி என்று சொல்லும் பொருள் அந்தக் கலகலப்புக்குக் காரணமாக இருந்திருக்க இயலாது. பேச ஆவலுடைய மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் நின்று பேச ஒரு நடைக்கூடம் இருந்தது. சாதனம் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

இந்த நடைக்கூடத்தின் மகிமையை நன்கு உணர்ந்தவர் ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர். ஓராண்டுக் காலம் பாடுபட்டு ஒரு மகாநாட்டை நடத்தி முடித்தபின், வந்திருந்தவர்கள் எல்லாவற்றினும் மேலாக மெச்சியது காப்பி இடைவேளைகளையே என்று கண்டு, இடைவேளையின் சுபாவத்தையே மகாநாட்டின் அமைப்பாகக் கொள்ளும் ஒரு முறையை 1985-ல் அவர் தொடங்கினார். செயலிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியையாவது இடைவேளையை நீட்டுவதற்கும், நிற்பவர்கள் கோப்பையை வைத்துப் பேச உயரமான மேசைகள் போடுவதற்கும் செலவிடலாகாதா என்று கூட்டம் நடத்தும் நண்பர்களை நான் கேட்பதுண்டு.

இனி, சபையோர் எழுதுவதையெல்லாம் எழுத எழுதத் திரையில் காட்டுவதே உண்மையான பங்கேற்பு என்று ஓர் எண்ணம் இருக்கிறது. இதன் விபரீதத்தை 2009 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த வெப் 2.0 எக்ஸ்போ காட்டிற்று. இளைஞர்களின் இணைய வாழ்வை ஆராய்ந்த டானா பாய்ட் என்ற அறிஞர் மேடையில் பேசிக்கொண்டிருக்கையில், அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த பெருந்திரையில் சபையோரின் ட்விட்டர் செய்திகள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லோராலும் அவற்றைப் படிக்க முடிந்தது. அவர் ஒருவரால் மட்டும் முடியவில்லை. சபையில் திடீர் திடீரென்று சிரிப்பு எழுந்தது. எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. அவர் தடுமாறினார், வேகத்தைக் கூட்டினார். வேகம் கூடக் கூட, திரையில் அவரைப் பற்றிய கேலியும் கூடிற்று. மேடையில் நிற்கும் ஒரு மனுஷியை ஆயிரம் கண்கள் பார்த்திருக்க, அவரையே பற்றிய சம்பாஷணையிலிருந்து அவரை விலக்கி வைப்பது பெரிய அநீதி என்றே நான் கருதுகிறேன். அதில் பங்கேற்பு எங்கே இருக்கிறது?

நம் ஊர்ச் சபைகளில் துண்டுச் சீட்டில் வினாவை எழுதி, கை மாற்றிக் கை மாற்றி மேடைக்கு அனுப்பும் வழக்கம் பழையது. தலைவர் அவற்றை வாங்கிப் பிரித்துப் பார்த்து, ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்த்து, தனிப்பட்ட வசையை ஒதுக்கி, பேச்சாளர் ஒரு பகுதியை முடித்துத் தண்ணீர் குடிக்கும் சமயம் பார்த்து எடுத்துச் சொல்லுவார். ஸ்லைடோ போன்ற வினாச் செயலிகள் இந்தத் துண்டுச் சீட்டின் வாரிசுகள்தாம். எழுந்து நின்று ஒலிபெருக்கியில் பேசக் கூச்சப்படும் பெண்களும், மேலதிகாரி முன்வரிசையில் அமர்ந்திருப்பதால் தயங்கும் இளம் ஊழியர்களும், பெயர் சொல்லாமல் கேட்க அவை வழி செய்கின்றன என்பது பெருமைக்குரிய விஷயம். ஆனால் சீட்டைப் பிரித்த தலைவரின் வேலையை விருப்பக்குறிகளின் எண்ணிக்கையிடம் விட்டுவிட்டால், தொடக்கத்திலேயே எழுதப்பட்ட வினா முதலில் கண்ணில் பட்டு, முதலில் கண்ணில் பட்டதனாலேயே மேலும் விருப்பங்கள் பெற்று உச்சியில் நிலைத்துவிடுகிறது. பேச்சை முழுவதும் கேட்டுச் சிந்தித்து ஒருவர் கடைசியில் எழுதிய வினா அடியிலே கிடந்து மறைகிறது. இதைத் திருத்த வேறொரு செயலி வேண்டியதில்லை. வினாக்களைப் படித்துத் தேர்ந்தெடுக்க விஷயம் தெரிந்த ஒருவர் மேடையோரத்தில் அமர்ந்திருந்தால் போதும்.

அறிமுகத்தைப் பற்றிய நம்பிக்கை இதைவிடப் பலமானது. பிரதிநிதிகளின் பட்டியலும் படமும் கையிலிருந்தால் அந்நியர்கள் நண்பர்களாகிவிடுவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பால் இங்க்ரம், மைக்கேல் மோரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வர்த்தகத் துறையினர் கூடிய ஒரு மாலை விருந்தில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதை மின்னணுப் பெயரட்டைகளைக் கொண்டு கவனித்து, 2007-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். புதியவர்களைச் சந்திப்பதே எங்கள் நோக்கம் என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தவர்களே, விருந்துக்கு வந்தபின் ஏற்கெனவே தெரிந்தவர்களோடுதான் அதிகம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெயர் தெரியாத குறை அன்று. அணுகிப் பேசத் தயங்கும் மனித சுபாவம். கலியாண வீட்டில் இந்தத் தயக்கத்தை எப்படித் தீர்க்கிறோம்? பெரியவர் ஒருவர் தோளில் கை வைத்து அழைத்துப் போய், "தம்பி, இவர் திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கிறார், நீ அன்றைக்குக் கேட்டாயே, அந்தச் சங்கதி இவருக்குத்தான் தெரியும்" என்று உட்கார வைத்துவிட்டுப் போகிறார். செயலியில் இதற்கு மிக அருகில் வருவது, இருவர் சம்மதத்தையும் பெற்று, இத்தனையாவது மேசை, இத்தனை மணி, கால் மணி நேரம் என்று சந்திப்பைக் குறித்துக் கொடுக்கும் ஏற்பாடு. அந்த மேசை அரங்கில் உண்மையாகவே போடப்பட்டு, அதன்மேல் எண்ணும் எழுதப்பட்டிருந்தால், மனிதர்கள் வந்து உட்காருகிறார்கள். மேசையில்லாத செய்திப் பரிமாற்றம், "கட்டாயம் சந்திப்போம்" என்பதோடு நின்றுவிடுகிறது.

புள்ளிகளும் பரிசும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு கடையிலும் குறியீட்டைப் படமெடுத்தால் பத்துப் புள்ளி என்று அறிவித்தால், மக்கள் கடைக்காரர் முகத்தைப் பாராமல் குறியீட்டை மட்டும் படமெடுத்துக்கொண்டு விரைவதைக் கண்காட்சிகளில் கண்டு வருந்தியிருக்கிறேன். மார்க் லெப்பரும் அவர் கூட்டாளிகளும் 1973-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், படம் வரைவதில் இயல்பாகவே ஆசையுள்ள பாலர்களிடம், வரைந்தால் நற்சான்றிதழ் தருவோம் என்று முன்னதாகவே சொல்லி வரைய வைத்தார்கள். சில நாள் கழித்துப் பார்க்கையில், அந்தக் குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறக்குறையப் பாதி நேரமே வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. குழந்தைகளைப் பற்றிய முடிவைப் பெரியவர்கள்மேல் அப்படியே ஏற்றுவது முறையன்று என்றாலும், பரிசு அறிவிக்குமுன் நிதானிக்க இது தக்க காரணம்.

அரங்கில் வைஃபை உண்டு, ஆகவே செயலி ஓடும் என்பது இன்னொரு நம்பிக்கை. 2010 ஜூன் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐஃபோன் 4-ஐ உலகுக்குக் காட்டிக்கொண்டிருந்தபொழுது, இணையப் பக்கம் திறக்கவில்லை. அந்தக் கூடத்துக்குள் 570 வைஃபை நிலையங்கள் இயங்குவதாகச் சொல்லி, அவற்றை அணைத்துவிடும்படி சபையோரை அவரே வேண்டிக்கொள்ள நேர்ந்தது. சாதாரண 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத வழிகள் மூன்றே மூன்று. அதோடு, மனித உடலில் உள்ள நீர் அந்த அலைகளை உறிஞ்சுகிறது. காலியான கூடத்தில் முதல் நாள் மாலை அருமையாக ஓடிய செயலி, மறுநாள் காலை ஆயிரம் பேர் வந்து அமர்ந்ததும் திணறுவதற்குக் காரணம் இதுதான். ஆதலால் நிகழ்ச்சி நிரலும் அரங்க வரைபடமும் இணைப்பில்லாமலே திறக்கும்படி கைப்பேசிக்குள் முன்கூட்டியே இறங்கியிருத்தல் வேண்டும். அறிவிப்பு அனுப்பினால் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்று நம்புவதும் இவ்வகைப்பட்டதே. 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், உடையவர் அனுமதித்தாலொழியப் புதிய செயலியின் அறிவிப்பு திரையில் தோன்றாது.

ஒரு கூட்டத்தில் நான் கண்ட சம்பவம் இன்றும் மனத்தை வாட்டுகிறது. பிற்பகல் அமர்வு ஒன்று கீழ்த்தளத்திலிருந்து மேல்மாடிக்கு மாற்றப்பட்டது. செய்தி செயலியில் மட்டும் வெளியாயிற்று. கீழ்த்தளத்தில் கைப்பேசிச் சமிக்ஞையே எட்டாது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு தொழிலதிபர், சட்டைப்பையில் அச்சிட்ட நிரலை மடித்து வைத்துக்கொண்டு, காலியான அரங்கில் முக்கால் மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். கதவில் ஒரு காகிதத்தை ஒட்ட எவருக்கும் தோன்றவில்லை. எல்லோரிடமும் கைப்பேசி இருக்கிறது என்பது உண்மையாயிருக்கலாம். அதன் எழுத்து எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறதா, கண் பார்வையற்றவரின் கைப்பேசி அந்தத் திரையை வாய்விட்டுப் படித்துக் காட்டும்படி செயலி அமைக்கப்பட்டிருக்கிறதா, தமிழில் வினா எழுதினால் மேடைத் திரையில் எழுத்து உடையாமல் வருகிறதா, மாலை நான்கு மணிக்கு மின்கலத்தில் உயிர் இருக்கிறதா என்பவையெல்லாம் வேறு கேள்விகள். இத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கை இவற்றில் ஒன்றுக்கும் விடை சொல்லாது.

கடைசியாக நான் எடுத்துக்கொள்வது, எல்லாவற்றிலும் ஆபத்தானதென்று நான் கருதும் நம்பிக்கை. இது சிறிய செயலி, இரண்டு நாள் சமாசாரம், இதில் களவு போக என்ன இருக்கிறது என்பதே அது. 2018 செப்டம்பர் இறுதியில் பர்மிங்காமில் கூடிய பிரிட்டிஷ் கன்சர்வேட்டிவ் கட்சி மகாநாட்டின் செயலியில், கடவுச்சொல் எதுவும் கேட்கப்படாமல், பிரதிநிதி ஒருவரின் மின்னஞ்சல் முகவரியை இட்டாலே அவர் கணக்குக்குள் புகுந்துவிட முடிந்தது. போரிஸ் ஜான்சன், மைக்கேல் கோவ் முதலிய தலைவர்களின் விவரங்கள் அந்நியர் கைக்கு எட்டின, படங்கள்கூட மாற்றப்பட்டன. அரசியல்வாதிகளுக்குத் தொழில்நுட்பம் தெரியாததால் நேர்ந்தது என்று யாரும் சமாதானம் கொள்ள வேண்டாம். கணினிப் பாதுகாப்பு நிபுணர்களே கூடும் ஆர்எஸ்ஏ மகாநாட்டின் செயலி, 2014-ல், பதிவு செய்தவர்களின் பெயர், பதவி, பணியிடம், தேசம் ஆகியவை அடங்கிய கோப்பை ஒவ்வொருவர் கைப்பேசிக்குள்ளும் இறக்கிவைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதே மகாநாட்டின் 2018-ஆம் ஆண்டுச் செயலியிலிருந்து 114 பேருடைய பெயர்கள் வெளியே எடுக்கப்பட்டன.

நம் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன. இன்ன காரியத்துக்கு என்று தெளிவாகச் சொல்லி, மனமார்ந்த சம்மதம் பெற வேண்டும் என்றும், காரியம் முடிந்தபின் விவரங்களை நீக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. பாதுகாப்பில் தவறுகிறவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இடமளிக்கிறது. நிரலைப் பார்க்க வந்தவரிடம் இருப்பிடத்தையும் தொடர்பு எண்களையும் கேட்கும் செயலி எதற்காகக் கேட்கிறது என்று, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்னரே, கூட்டம் நடத்துகிறவர் தயாரிப்பாளரைக் கேட்டாக வேண்டும். தம்மை நம்பி வந்தவர் ஒப்படைத்த பொருள் அது.

சில மாதங்களுக்கு முன் ஒரு சிறு மருத்துவ மகாநாட்டுக்குப் போயிருந்தேன். பதிவு மேசையில் வைத்திருந்த தாளிலே, உங்கள் எண்ணும் முகவரியும் நிகழ்ச்சி முடிந்த முப்பதாம் நாள் அழிக்கப்படும் என்று தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். நான் அதை மறந்தே போய்விட்டேன். முப்பதாம் நாள் காலையில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: உங்கள் விவரங்களை இன்று அழித்துவிடுகிறோம், இதுவே எங்களிடமிருந்து வரும் கடைசிச் செய்தி, அடுத்த ஆண்டும் அவசியம் வாருங்கள் என்று.