காவிரிக்கு நான்கு தவணை

அன்புள்ள தங்கைக்கு,

புத்தாண்டில் பார்த்தே தீர வேண்டிய ஊர்கள் என்று நீ எழுதி அனுப்பிய பட்டியல் கிடைத்தது. லடாக், அந்தமான், ஹம்பி, காசி, மேகாலயாவின் வேர்ப்பாலம், கட்ச் உப்புவெளி என்று மொத்தம் பதினான்கு இடங்கள். எல்லாமே பார்க்கத் தகுந்தவைதான். ஆனால் அந்தத் தாளில் ஒரு தேதி இல்லை, ஒரு ரூபாய்க் கணக்கு இல்லை, ஏன் அங்கே போக வேண்டும் என்பதற்கு ஒரு வரி இல்லை. இந்த மூன்றும் இல்லாத பட்டியலை இந்த மார்கழியில் எழுதினால் அடுத்த மார்கழியிலும் அதையேதான் எழுதுவோம். நீ கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாய். மாதம் அறுநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க முடியும் என்கிறாய். அந்தக் காலமும் அந்தப் பணமும் போதும், இலக்கை வேறு மாதிரி வைத்தால். ஊர்களை எண்ணாதே. ஒரு கேள்வியை எடுத்துக்கொள், அதைப் பருவத்தோடும் பணப்பையோடும் பொருத்து, தவணைகளாகப் பிரி. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். அது ஏன் சரி என்பதைத்தான் இனி விளக்குகிறேன்.

முதலில் மனம் போடும் கணக்கைப் பார்ப்போம். கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் 1994-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இறுதியாண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள். அதற்கு வந்த பதில் சுமார் 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். அதாவது, மோசமாக நடந்தால் என்று யோசித்துச் சொன்ன கணக்கும் நடப்புக்குக் குறைவாகவே இருந்தது. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். வேலையைக் கற்பனை செய்யும்போது அது தடையில்லாமல் ஓடுவதாகவே மனம் படம் காட்டுகிறது. காய்ச்சல், உறவில் ஒரு கல்யாணம், தள்ளிப்போன தேர்வு எதுவும் அந்தப் படத்தில் வருவதில்லை. உன் பதினான்கு ஊர்களும் அப்படிப்பட்ட படத்திலிருந்து வந்தவைதான். ஆகவே பணமானாலும் நாளானாலும், மனம் சொல்வதை ஒன்றரை மடங்காக்கி எழுதிக்கொள். அப்படிப் பெருக்கிய பிறகும் நிற்கிற திட்டமே இந்த வருடத்துக்கான திட்டம்.

இனி கேள்விக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்குக் காவிரியையே வைத்துக்கொள்வோம். மேட்டூரில் கடல்போல் நிற்கிற தண்ணீர், திருச்சியில் கரை கொள்ளாமல் ஓடுகிற ஆறு, பூம்புகாரில் கடலைச் சேரும்போது ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இடையில் அத்தனை தண்ணீரும் எங்கே போனது? பாடப்புத்தகம் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடும். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன, பிறகு குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று கிளைகள், அந்தக் கிளைகளிலிருந்து கணக்கில்லாத வாய்க்கால்கள், கடைசியில் வயல். ஆனால் அந்த ஒரு வரியைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு வருடம் வேண்டும். சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' என்ற முழுப் பயணநூலும் இந்த ஒரு நதியை நம்பித்தான் நிற்கிறது. கேள்வி ஒன்று கையில் இருந்தால், எந்த ஊருக்குப் போவது, எதை விடுவது என்பதை அதுவே சொல்லிவிடும். இந்த வருடத்துக்கு எல்லை மேட்டூர். தலைக்காவிரி அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும்.

இந்த ஆற்றுக்கு ஒரு நாட்காட்டி உண்டு என்பதுதான் இதில் பெரிய வசதி. 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையிலிருந்து டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12-இல் தண்ணீர் திறந்து, ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். மொத்தம் 230 நாள். அதை உன் கல்லூரி நாட்காட்டியோடு வைத்துப் பார். பிப்ரவரி முதல் மே வரை ஆறு ஓய்ந்து கிடக்கும், நீ தேர்வு எழுதிக்கொண்டிருப்பாய். ஆற்றில் தண்ணீர் வரும்போது உனக்கு விடுமுறை வரும். எனவே கடலோரத்திலிருந்து தொடங்கு. ஜனவரி கடைசி வாரத்தில், மதகு மூடும் தறுவாயில், மயிலாடுதுறை துலாக்கட்டத்தையும் அங்கிருந்து பேருந்தில் பூம்புகார் முகத்துவாரத்தையும் பார்த்துவிடு. சம்பா அறுவடை நடக்கும் நேரம் அது. தண்ணீர் எங்கே போனது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் சாலையோரத்தில் நெல்லாகக் காய்ந்துகொண்டிருக்கும். ஜூன் மூன்றாம் வாரம் மேட்டூர். ஆடிப்பெருக்கன்று, ஈரோட்டை அடுத்த பவானி கூடுதுறை. அக்டோபர் தொடக்கத்தில் திருச்சியில் தங்கி ஒரு நாள் முக்கொம்பு, மறுநாள் கல்லணை. நான்கு தவணையும் அக்டோபரோடு முடிகின்றன. நவம்பரையும் டிசம்பரையும் வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன். நான்கில் ஒன்று தவறும் என்று வைத்துக்கொள். தவறியதை ஈடுகட்ட அந்த இரண்டு மாதம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்கள் அவை என்பதால், அப்போது போவதானால் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பணக் கணக்கும் இதே தவணையில் அமர்கிறது. ஜனவரியில் கையில் இருப்பது அறுநூறுதான். அதனால் முதல் பயணம் எல்லாவற்றிலும் மலிவாக இருக்க வேண்டும். சென்னையிலிருந்து இரவு கிளம்பி மறுநாள் இரவு திரும்பிவிடு, அறை வாடகை மிச்சம். பிப்ரவரி முதல் ஜூன் வரை சேர்வது மூவாயிரம். மேட்டூருக்கு 1,800 ஒதுக்கினால் 1,200 மீதி. ஜூலை, ஆகஸ்ட் சேர்த்து 2,400 ஆகும். பவானிக்கு 1,800 போக 600 மீதி. செப்டம்பர், அக்டோபர் சேர்த்து மறுபடி 1,800, அது திருச்சிக்கு. வருடக் கடைசி இரண்டு மாதத்தின் 1,200 கைகாவல். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்களே, அதுதான் இது. டிக்கெட்டுக்கும் ஒரு நாள் குறித்துவை. ரயில் முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன்னால் தொடங்கியது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். ஜூன் 19 இரவு சேலத்துக்கு ரயில் ஏற வேண்டுமானால் ஏப்ரல் 20 காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். உன் நோட்டில் 'ஜூனில் மேட்டூர்' என்று எழுதுவதைவிட 'ஏப்ரல் 20, காலை 8 மணி, டிக்கெட்' என்று எழுது. எப்போது, எங்கே, என்ன செய்வேன் என்று முடிச்சுப் போட்டு வைத்த எண்ணம், வெறும் ஆசையைவிட அதிகம் நிறைவேறுகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் ஊரில் சொல்வதும் ஏறக்குறைய இதே முடிச்சுத்தான்.

"ஆறு என்ன, என் நோட்டைப் பார்த்தா ஓடும்?" என்று நீ கேட்கலாம். சரியான கேள்வி. ஜூன் 12 என்பது வழக்கம், வாக்குறுதி இல்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே தண்ணீர் திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால்தான் திறப்பு நாளைக் குறிக்காமல் ஒரு வாரம் தள்ளி வைத்தேன். இன்னொரு பாதுகாப்பும் உண்டு. தமிழ் நாளிதழ்களில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் தவறாமல் வரும். முழு அளவு 120 அடி. வாரம் ஒருமுறை அதை நோட்டில் குறித்துக்கொண்டே வா. மே கடைசியில் 90 அடிக்கு மேல் இருந்தால் வழக்கமான தேதியை நம்பலாம். மிகவும் இறங்கியிருந்தால் பயணத்தைக் கைவிடாதே, பார்க்கும் பொருளை மாற்று. அணை கட்டியபோது நீருக்குள் போன ஊர்களின் மிச்சம் அப்போது வெளியே தெரியும். பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் நீர் வற்ற வற்ற எழுந்து நிற்கும். தண்ணீர் எங்கே போனது என்று கேட்கிற நீ, தண்ணீர் எதன்மேல் வந்து நின்றது என்றும் தெரிந்துகொள்வாய். மாற்று ஏற்பாடு என்றால் இப்படி இருக்க வேண்டும்: வீட்டிலேயே தங்கிவிடுவதற்கு ஒரு காரணமாக இல்லாமல், அதே கேள்விக்கு இன்னொரு வாசலாக. ஆடிப்பெருக்குக்கும் அப்படியே. ஆற்றில் வெள்ளம் என்றால் குளிக்கத் தடை போடுவார்கள். கரையில் நின்று பார்ப்பதோடு திருப்திப்பட முன்கூட்டியே மனத்தைத் தயார் செய்துகொள்.

இவ்வளவு திட்டமிட்டால் பயணத்தின் சுவையே போய்விடாதா, எதிர்பாராமல் வந்து வாய்ப்பதுதானே பயணம் என்பது அடுத்த மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. நிமிடக் கணக்கு வைத்துக்கொண்டு ஓடுகிறவன் எதையும் பார்ப்பதில்லை. ஆனால் நான் திட்டமிடச் சொன்னது கிளம்புவதை மட்டும்தான். போய் இறங்கிய பிறகு கல்லணையில் ஒரு முழுப் பகலுக்கும் வேறு வேலை வைக்கவில்லை. பாலத்தின்மேல் நின்றால் காவிரி, வெண்ணாறு, ஊர்க்காரர்கள் புதாறு என்று அழைக்கும் கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்கு வழியும் ஒரே இடத்திலிருந்து பிரிவது தெரியும். எந்தப் பக்கம் எத்தனை மதகு தூக்கியிருக்கிறது, எந்தத் தண்ணீர் கலங்கல், எது தெளிவு என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். பத்து இடத்தை இரண்டு நாளில் பார்க்கிறவருக்கு அந்த ஒரு பகல் கிடைக்காது. முன்கூட்டியே குறிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 2010-இல் வெளியான, நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்துச் செய்த ஆய்வில், விடுமுறைப் பயணம் போகவிருந்தவர்கள் போகாதவர்களைவிடப் போவதற்கு முன்பே மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகோ பெரும்பாலோரிடம் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. மிகவும் நிதானமாக, இளைப்பாறிக் கழித்தவர்களிடம் மட்டுமே மிச்சமிருந்தது. எதிர்பார்க்கும் நாட்களும் பயணத்தின் பங்குதான். அவசரமில்லாமல் பார்த்தால்தான் பின்னாலும் ஏதாவது தங்கும். வாரம் ஒருமுறை நீர்மட்டம் குறிக்கும்போதே உன் மேட்டூர்ப் பயணம் தொடங்கிவிடுகிறது.

பெரிதாக ஆசைப்பட்டால்தானே பாதியாவது கிடைக்கும் என்பாய். உலகம் சுற்றிய தமிழன் என்று பெயர் பெற்ற ஏ.கே. செட்டியாரைக் காட்டுவாய். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக அவர் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்தார், 1940-இல் படம் வெளிவந்தது. ஆனால் அவர் அலைந்த விதத்தைக் கவனி. காந்தியைப் பற்றிய படச்சுருள் எங்கெங்கே கிடைக்கும் என்ற ஒரே தேடல்தான் அவரை ஒவ்வொரு ஊருக்கும் இழுத்துப் போனது. நோக்கம் ஒன்றாக இருந்தது, ஊர்கள் அதன்பின் வந்தன. உன் பட்டியலில் ஊர்கள் முன்னால் வந்துவிட்டன, நோக்கம் இன்னும் வரவில்லை. பதினான்கில் ஒன்றைத் தொட்டுவிட்டு நின்றவருக்கு மிஞ்சுவது பதின்மூன்று ஏமாற்றம். நான்கில் மூன்றை முடித்தவருக்கு மிஞ்சுவது ஒரு பாக்கி. ஏமாற்றம் பட்டியலையே கிழிக்க வைக்கும். பாக்கி அடுத்த டிக்கெட்டை எடுக்க வைக்கும். லடாக்கை நான் அழிக்கச் சொல்லவில்லை. முன்பதிவு, கைகாவல், மாற்று ஏற்பாடு ஆகிய பழக்கங்களைச் சேலத்து ரயிலில் கற்றுக்கொள்கிறவளால் பிறகு லே வரைக்கும் போக முடியும்.

கடைசியாக, நீ எழுதாமல் விட்ட மறுப்பு ஒன்று இருக்கிறது: வீட்டில் விடமாட்டார்கள். அம்மாவும் அப்பாவும் மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் தூரம் இல்லை, தெரியாமைதான். எங்கே போகிறாள், யாரோடு, எந்த ரயில், இரவு எங்கே தங்குவாள் என்ற நான்குக்கும் பதில் இல்லாதபோது 'வேண்டாம்' என்பது எளிதாக வந்துவிடும். பதினான்கு ஊர்ப் பட்டியலைக் காட்டினால் சிரிப்பார்கள். ஒரு பகலில் போய்த் திரும்பும் மயிலாடுதுறைப் பயணத்தை, கூட வரும் தோழியின் பெயரோடும் ரயில் நேரத்தோடும் ஒரு தாளில் எழுதிக் காட்டு. சொன்னபடி போய், சொன்னபடி திரும்பி வா. அடுத்த தவணைக்கு அனுமதி கேட்பது அதைவிடச் சுலபமாகும். எளிய பயணத்தை முதலில் வைத்ததற்குப் பணம் ஒரு காரணம், இது இன்னொன்று. அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், முதல் தவணைக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போ. செலவுதான் கூடும், கேள்வி மாறாது.

ஆகவே அந்தப் பதினான்கு ஊர்த் தாளை மடித்துப் பத்திரப்படுத்து. புது நோட்டு ஒன்று எடு. முதல் பக்கத்தில் அந்த ஒரே கேள்வி. இரண்டாம் பக்கத்தில் நான்கு தேதி, நான்கு தொகை, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது நடக்காவிட்டால் என்ன செய்வாய் என்று ஒரு வரி. மூன்றாம் பக்கத்தில் கோடு போட்டு, இன்றைய நாளிதழைப் பார்த்து, மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று எழுது. எனக்கு அடுத்த கடிதம் போடும்போது ஊர்ப் பெயர் எதுவும் வேண்டாம். அந்த எண்ணை மட்டும் எழுதி அனுப்பு. நீ கிளம்பிவிட்டாய் என்று நான் தெரிந்துகொள்வேன்.

அன்புடன்,
உன் அக்கா