செவியே ஆசான்

இங்கிலாந்தின் வடமேற்கில் அமைந்த துறைமுக நகரம் லிவர்பூல். 1957ஆம் ஆண்டு ஜூலை மாதம், அந்நகரில் நடைபெற்ற தேவாலய விழா ஒன்றில் ஜான் லெனன் என்னும் பதினாறு வயது இளைஞர் தம் நண்பர்களுடன் பாடினார். அன்று அவரைச் சந்தித்த பதினைந்து வயதுப் பால் மெக்கார்ட்னி, பின்னர் அக்குழுவில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஜார்ஜ் ஹாரிசனும், 1962இல் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டாரும் இணைந்தனர். இந்நால்வர் குழுவே ‘பீட்டில்ஸ்’.

நால்வருள் எவருக்கும் இசைக்குறியீட்டைப் படிக்கத் தெரியாது. வானொலியிலும் இசைத்தட்டிலும் ஒலித்த பாடல்களைக் கேட்டுக் கேட்டே அவர்கள் கற்றனர். செவியே அவர்களுக்கு ஆசானாக விளங்கியது. 1960 முதல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர விடுதிகளில் இரவுதோறும் பல மணி நேரம் வாசித்துக் குழுவினர் பயிற்சி பெற்றனர். அப்பயிற்சி வீண்போகவில்லை. 1963 பிப்ரவரி 11 அன்று, தம் முதல் இசைத்தொகுப்புக்காக ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தனர்.

அடுத்த ஆண்டு அவர்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது ஏழு கோடிக்கும் மேற்பட்டோர் கண்டு களித்தனர். 1965இல் நியூயார்க் நகரின் ஷே விளையாட்டரங்கில் ஏறத்தாழ 55,000 பேர் திரண்டனர். ஆயினும், அவர்கள் எழுப்பிய ஆரவாரத்தில் பாடல் மூழ்கிப்போயிற்று. மேடையில் நின்றவர்களுக்கே தம் இசை கேட்கவில்லை. நண்பர்களின் உடலசைவைப் பார்த்தே ரிங்கோ தாளத்தைத் தொடர வேண்டியதாயிற்று. புகழ் வளர்ந்தது, இசை தேய்ந்தது.

1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரில் பாடிய பின், ஊர் ஊராகச் சென்று பாடுவதை அவர்கள் நிறுத்திக்கொண்டனர். இம்முடிவுக்குக் களைப்பும் அச்சுறுத்தல்களும் காரணங்களாயின. எனினும், தம் இசை தம் செவிக்கே எட்டாத நிலை அவர்களை மிகவும் வருத்தியது.

அடுத்த மாதமே ஹாரிசன் பம்பாய்க்கு வந்து, பண்டிட் ரவிசங்கரிடம் மாணவராக அமர்ந்து சித்தார் பயின்றார். பின்னர் நால்வரும் ஒலிப்பதிவுக்கூடத்தில் கூடினர். ஒருகாலத்தில் ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தவர்கள், இப்போது பதின்மூன்று பாடல்களுக்கு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் உழைத்தனர். 1967இல் வெளிவந்த ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ என்னும் அத்தொகுப்பு உலகப் புகழ் பெற்றது.

1970இல் குழு பிரிந்தது. மறு ஆண்டு, வங்கதேச அகதிகளுக்கு உதவ ஹாரிசனும் ரவிசங்கரும் நியூயார்க்கில் இசைநிகழ்ச்சி நடத்தினர். சித்தாருக்குச் சுருதி சேர்த்ததையே இசையென எண்ணி அவையோர் கைதட்டினர். ரவிசங்கர் புன்னகையுடன் நன்றி கூறி, வாசிப்பும் அவர்களுக்குப் பிடிக்கும் என நம்புவதாகச் சொன்னார்.

1980இல் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2001இல் ஹாரிசன் நோயால் மறைந்தார். லெனன் தம் வீட்டில் பதிவு செய்திருந்த பழைய ஒலிநாடா ஒன்று எஞ்சியிருந்தது. அதில் அவர் குரலைப் பியானோ ஒலி மறைத்திருந்தது. பல்லாண்டுகளுக்குப் பின், கணினியின் துணையால் அக்குரல் தனியே பிரிக்கப்பட்டது. 1995இல் ஹாரிசன் வாசித்திருந்த கிட்டார் இசையையும் சேர்த்து, மெக்கார்ட்னியும் ரிங்கோவும் பாடலை நிறைவு செய்தனர். ‘நவ் அண்ட் தென்’ என்னும் அப்பாடல் 2023இல் வெளிவந்தது. ஆரவாரத்தில் தம் இசையைக் கேட்க இயலாமல் தவித்த நண்பர்கள், முதுமையில் மறைந்த தோழரின் குரலைத் தெளிவாகக் கேட்டனர்.

சொல்லும் பொருளும்

ஆசான் – ஆசிரியர்
ஆரவாரம் – பேரொலி
தேய்தல் – குறைதல்
அவையோர் – அரங்கில் கூடியிருப்போர்

பயிற்சி

1. பீட்டில்ஸ் குழுவினர் இசையை எவ்வாறு கற்றனர்?
2. ‘புகழ் வளர்ந்தது, இசை தேய்ந்தது’ – விளக்குக.
3. கைதட்டிய அவையோருக்கு ரவிசங்கர் அளித்த மறுமொழியிலிருந்து அவருடைய பண்பு எவ்வாறு புலப்படுகிறது?
4. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் பாடும் தமிழ்ப் பாடலைக் கேட்டு, அதில் நீங்கள் புதிதாக அறிந்த ஐந்து சொற்களை எழுதுக.