வயிற்றுச் சதை தொடைக்கு எதற்கு?

கேள்வி: டாக்டர், என் அப்பா பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறார். வயது 54. வலது தொடையின் உட்பக்கம், இடுப்புக்குக் கிட்டே வந்த கட்டியைச் சார்கோமா என்கிறார்கள். அதை எடுத்துவிட்டு வயிற்றுச் சதையைத் திருப்பி வைத்து மூட வேண்டுமாம். நன்றாக இருக்கும் வயிற்றை ஏன் கீற வேண்டும்? தோல் ஒட்டினால் போதாதா? அப்பா கேட்பது ஒன்றுதான்: மறுபடி தறிக்குழியில் இறங்க முடியுமா?
- நெசவாளர் மகள், காஞ்சிபுரம்

பதில்: போதாது அம்மா. ஒட்டுத் தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. அடியில் இருக்கும் சதையை நம்பித்தான் அது பிழைக்கும். சார்கோமா ஒரு வகைப் புற்று; அதில் கட்டியை மட்டும் தோண்டி எடுப்பதில்லை. சுற்றி ஓரிரு சென்டிமீட்டர் நல்ல சதையும் சேர்ந்தே போகும். அப்பாவுக்குக் கட்டி இருக்கும் இடத்தில் அப்படி எடுத்தால், காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயே வெளியே தெரியலாம். அதன்மேல் வெறும் தோலைப் போர்த்த எனக்கு மனம் வராது. பின்னால் கதிர்வீச்சும் கொடுத்தால் அது புண்ணாகிவிடலாம்.

வயிற்றில் விலாவிலிருந்து அடிவயிறுவரை நெட்டாக இரண்டு தசைகள் ஓடுகின்றன. அதில் ஒன்றை மேல்தோலோடு எடுக்கிறார்கள். அதற்கு ரத்தம் தரும் ஒரு தமனி இடுப்பு மடிப்பருகே கிளம்புகிறது. காம்புபோல் இருக்கும் அந்தத் தமனியை அறுக்காமல் சதையைக் கீழே திருப்பினால் தொடைக்கு எட்டும். வெட்டியெடுத்த துணியல்ல, தறியில் ஏறியிருக்கும் பாவு என்று அப்பாவிடம் சொல்லுங்கள். வேறிடத்திலிருந்து முழுதாக அறுத்து வந்தால் தமனியையும் சிரையையும் நுண்ணோக்கியில் பார்த்துத் தைக்க வேண்டும். பாவு பிணைப்பது மாதிரி, மணிக்கணக்கில் ஆகும் வேலை.

காம்பு விட்டுத் திருப்புவது நம் நாட்டுக்குப் பழசு. மூக்கறுபட்ட காவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்கு நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு வைத்ததை 1794-ல் லண்டன் பத்திரிகை படத்தோடு போட்டது.

முதல் சில நாள் நர்ஸ் அடிக்கடி வந்து புதுச் சதையை விரலால் அழுத்திப் பார்ப்பார். வெளுத்து, இரண்டு மூன்று விநாடியில் நிறம் திரும்ப வேண்டும். வெளிறியே கிடந்தால் ரத்தம் வரவில்லை. நீலம் பாரித்து, அழுத்தியதும் சட்டென்று நிறம் ஓடிவந்தால், வந்த ரத்தம் வெளியேறவில்லை. அரக்கையும் மெரூனையும் தூரத்திலேயே பிரித்துச் சொல்லும் வீட்டுப் பெண் நீங்கள். நிறம் மாறினால் உடனே குரல் கொடுங்கள். அப்பாவுக்குப் பீடி, போயிலைப் பழக்கம் இருந்தால் இன்றோடு நிற்கட்டும். நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும்.

வயிற்றுக்கும் நட்டம் உண்டு. தையல் இடம் பலவீனப்பட்டுக் குடலிறக்கம் வரலாம், அதனால் சில மாதம் கனம் தூக்கக் கூடாது. கதிர்வீச்சு என்றால் பெரும்பாலும் வாரம் ஐந்து நாள், ஆறு வாரம்போல. அதற்குச் சென்னைக்கு அலைவதற்கு முன் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனையில் கேளுங்கள்.

தறிக்கு வருகிறேன். குழியில் உட்கார்ந்தால் இடுப்பு மடங்கும். காம்பு ஓடுவதும் அந்த மடிப்பில்தான். மூன்று மாதம் ஆகும் முன் அந்தப் பேச்சே வேண்டாம்; கதிர்வீச்சு இருந்தால் இன்னும் தள்ளும். உள்தொடைத் தசை மட்டும் போனால் மற்ற தசைகள் ஓரளவு ஈடுகட்டும். முன்தொடைத் தசையும் போனால் முழங்காலை நீட்டும் வலு குறையும், மிதிப்பது சிரமம். எது போகிறது என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். அப்பா எந்தக் காலால் மிதியை அழுத்துகிறார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். தறிக்குழியை அவர் பார்த்திருக்க மாட்டார்.