சேவை அறிவியல் என்றொரு படிப்பு



பிளஸ் டூ முடித்த பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம் என்ற பேச்சு நம் ஊரில் டாக்டர், இன்ஜினியர், பி.காம்., நர்ஸிங் என்ற வட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பலர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு துறையைப் பற்றி இந்த மாதம் பார்ப்போம். அதற்கு 'சேவை அறிவியல்' என்று பெயர். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஜகாத்தும் மருத்துவ உதவியும் கல்வி உதவித்தொகையும் வழங்குகிற நம்மைப் போன்ற அறக்கட்டளைகளுக்கும் இதில் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

சேவை என்றதும் நமக்குத் தொண்டு நினைவுக்கு வரும். இந்தத் துறையில் அந்தச் சொல்லுக்குப் பொருள் அகலமானது. பஸ், பேங்க், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, சலூன், செல்போன் கம்பெனி என்று பொருளைக் கையில் கொடுக்காமல் ஒரு காரியத்தைச் செய்து கொடுக்கும் எல்லாமே சேவைதான். நம் நாட்டின் வருமானத்தில் பாதிக்கு மேல் இன்று இவற்றிலிருந்துதான் வருகிறது. ஆனாலும் வயலுக்கு வேளாண் கல்லூரியும், எந்திரத்துக்குப் பொறியியல் கல்லூரியும் வந்த பிறகும் வெகுகாலம் சேவைக்கென்று தனிப் படிப்பு எதுவும் இல்லை.

சேவைக்கும் சரக்குக்கும் உள்ள வித்தியாசத்தை நம் ஊர் கணக்கில் பார்க்கலாம். வாழைத்தாரை இன்று விலை இல்லையென்றால் நாளை விற்கலாம். பெரியகுளத்துக்குக் காலியாகப் போன பஸ்ஸின் இருக்கையை நாளைக்கு எடுத்து வைக்க முடியாது. அது அந்த நிமிடமே வீணாகிவிட்டது. டாக்டர் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரமும் அப்படித்தான். இன்னொன்று, சேவையில் வாங்குபவரும் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும். முடி வெட்டுபவர் சொன்னபடி தலையைத் திருப்பாவிட்டால் அவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தும் பயனில்லை. நோயாளி மாத்திரையைச் சாப்பிடாவிட்டால் வைத்தியம் பாதியில் நிற்கிறது. ஆக, சேவையின் தரம் கொடுப்பவர் கையில் மட்டும் இல்லை.

இந்தச் சிந்தனை ஒரே நாளில் பிறந்ததல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் என்ற கணித அறிஞர், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனிக்காக 1909இல் காத்திருப்பைக் கணக்காக்கி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். வரிசைக் கோட்பாடு அங்கே தொடங்குகிறது. லின் ஷோஸ்டாக் என்ற அமெரிக்க வங்கி அதிகாரி 1984இல், கட்டடத்துக்கு வரைபடம் போடுவதுபோல் சேவைக்கும் வரைபடம் போடலாம் என்று எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் தெருவோரத்தில் ஷூவுக்குப் பாலிஷ் போடும் தொழில். பிறகு பரசுராமன், ஸைதாமல், பெரி என்ற மூன்று பேராசிரியர்கள் 1985இலும் 1988இலும் சேவையின் தரத்தை அளக்க ஒரு முறையை உருவாக்கினார்கள். இவர்களில் பரசுராமன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். சொன்னதைச் சொன்னபடி செய்வது, உடனே கவனிப்பது, நம்பிக்கை தரும் அறிவும் பண்பும், அவரவர் நிலையறிந்த பரிவு, கட்டடம் உபகரணம் போன்ற கண்ணுக்குத் தெரிபவை என்று ஐந்து அளவுகோல்களை வைத்தார்கள். மக்கள் அதிகம் மதித்தது முதலாவதைத்தான். கடைசியில் நின்றது கட்டடமும் அலங்காரமும். டைல்ஸ் பதிப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வைக்கும் முடிவு இது.

'சேவை அறிவியல்' என்ற பெயர் பரவியது 2004ஐ ஒட்டி. கம்ப்யூட்டர் விற்ற ஐ.பி.எம். நிறுவனத்துக்கு அந்தக் காலத்தில் வருமானத்தின் பெரும்பங்கு சேவைகளிலிருந்து வரத் தொடங்கியிருந்தது. அதற்கேற்ற ஆட்கள் கிடைக்கவில்லை. கணக்கு தெரிந்தவருக்கு மனிதர்களைத் தெரியவில்லை. நிர்வாகம் படித்தவருக்குக் கம்ப்யூட்டர் தெரியவில்லை. முன்பு கம்ப்யூட்டர் அறிவியல் தனிப் பாடமாக வளர்ந்ததுபோல இதையும் வளர்க்கலாம் என்று கலிபோர்னியாவிலுள்ள அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடம் பல்கலைக்கழகங்களை அழைத்தது. அதே 2004இல் வார்கோ, லஷ் என்ற இரு பேராசிரியர்கள், பொருளை விற்பதும்கூட அடிப்படையில் ஒரு சேவைதான் என்று வாதிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். 2007இல் அமெரிக்கா நிறைவேற்றிய ஒரு சட்டத்தில் சேவை அறிவியலை ஆராய வேண்டும் என்று தனிப் பிரிவே இடம்பெற்றது. பிறகு அதே பெயரில் ஆய்விதழும் வந்தது. பழைய பாடங்களுக்குப் புதுச் சட்டை மாட்டி, ஒரு கம்பெனி தன் வியாபாரத்துக்காகக் கிளப்பிய பேச்சு இது என்று குறை சொன்னவர்களும் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனாலும் பாடத்துக்குள் இருக்கும் சரக்கு நல்ல சரக்கு.

அதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. மதுரைக்கும் தேனிக்கும் போனால் போதும்.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவை சிகிச்சை செய்தவர் அவர். கண்புரையால் பார்வையிழந்தவர்கள் ஏராளம், டாக்டர்கள் கொஞ்சம் என்பதுதான் அவருக்கு முன்னால் நின்ற கணக்கு. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் உணவுக் கடைகள் எங்கும் ஒரே தரத்தில் வேகமாக வேலை செய்வதைப் பார்த்து, கண் சிகிச்சையை ஏன் அப்படி ஒழுங்குபடுத்தக் கூடாது என்று கேட்டார்.

விடை அறுவை அரங்கின் உள்ளே இருந்தது. ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒரு மேஜையில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளியைச் செவிலியர் தயார்படுத்திவிடுவார்கள். முதலாவது முடிந்ததும் டாக்டர் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு இரண்டாவதைத் தொடங்குவார். டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை டாக்டர் செய்வார். மற்றதையெல்லாம் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் செய்வார்கள். பள்ளிப் படிப்பு முடித்த இந்தப் பெண்களுக்கு இரண்டு வருடப் பயிற்சி உண்டு. இந்த முறையால் அங்குள்ள டாக்டர் ஒருவர் ஒரு வருடத்தில் செய்யும் சிகிச்சைகள், நாட்டின் சராசரியைப்போலப் பல மடங்கு. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கும் செலவு தாங்காததால், 1992இல் ஆரோலேப் என்ற சொந்தத் தொழிற்கூடத்தையும் தொடங்கினார்கள். பணம் கட்டுபவர்களிடம் வரும் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை நடக்கிறது. கட்டுவதா இலவசமா என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கிறார். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை.

இதைவிட நமக்குப் பாடமானது அவர்களுக்கு வந்த ஒரு சங்கடம். இலவச முகாம்களை ஊர் ஊராக நடத்தினார்கள். முகாமுக்குக் கூட்டமும் வந்தது. ஆனால் 1999இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணில் கோளாறு உள்ளவர்களில் 7 சதவீதத்துக்கும் குறைவானவர்களே முகாமுக்கு வருகிறார்கள் என்று காட்டியது. பயம், வீட்டுப் பொறுப்பு, போய்வரச் செலவு, அன்றைய கூலி போவது என்று வராதவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. இலவசம் என்று அறிவித்தாலும் வருபவருக்கு அது இலவசமாக இல்லை! முகாமில் நிற்கும் கூட்டத்தை மட்டும் எண்ணியிருந்தால் இது தெரிந்திருக்காது. வராதவர்களின் வீட்டுக்குப் போய்க் கேட்டதால் தெரிந்தது.

அதன் பிறகுதான் ஊர்களிலேயே நிரந்தரமான சிறிய கண் பரிசோதனை மையங்கள் வந்தன. இங்கே நம் மாவட்டத்துக்கு ஒரு பெருமை இருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் இன்டெல் நிறுவனமும் சேர்ந்து, சாதாரண வைஃபை கருவிகளின் மென்பொருளை மாற்றியமைத்து, கோபுரத்துக்குக் கோபுரம் கிலோமீட்டர் கணக்கில் அலை பாயும்படி செய்தன. தேனி அரவிந்த் மருத்துவமனையும் சுற்றியிருந்த ஐந்து மையங்களும் இப்படி இணைக்கப்பட்டன. மையத்தில் பயிற்சி பெற்ற பெண் கண்ணைச் சோதிப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார். கண்ணாடி போதுமா, ஆஸ்பத்திரிக்கு வரவேண்டுமா என்பது அங்கேயே முடிவாகிவிடும். அரை நாள் கூலியும் பஸ் காசும் மிஞ்சும். 2006 வாக்கில் இந்தச் சோதனை வெற்றி பெற்று மற்ற ஊர்களுக்கும் விரிந்தது. கோயம்புத்தூரில் பிறந்த பேராசிரியர் சி.கே. பிரகலாத், ஏழைகளையும் வாடிக்கையாளராக மதிக்கும் தொழில்களைப் பற்றி 2004இல் வெளியிட்ட புத்தகத்தில் அரவிந்தையும் எடுத்துக்காட்டினார். உலகப் பல்கலைக்கழகங்களில் இன்றும் அது பாடம்.

இனி நம் பக்கம் வருவோம். உதவி வழங்கும் இடங்களில் வரிசை ஏன் இவ்வளவு நீள்கிறது? ஒருவரைக் கவனிக்கச் சராசரியாக 5 நிமிடம் ஆகிறது, மக்கள் முன்பின்னாக வருகிறார்கள், கவனிப்பவர் ஒருவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய நேரத்தில் 80 சதவீதம் வேலையில் போனால், வருபவர் சராசரியாக 20 நிமிடம் காத்திருப்பார். 90 சதவீதம் போனால் 45 நிமிடம். 95 சதவீதம் போனால் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். வேலைப்பளு கொஞ்சம் கூடும்போது காத்திருப்பு மடங்கு மடங்காகக் கூடுகிறது. இது எர்லாங் வழி வந்த கணக்கு. எல்லாரையும் காலை 10 மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஒரே மேஜையைப் போட்டால், வெயிலில் நிற்கும் விதவைத் தாயின் நேரத்தை நாம் இலவசமாக எடுத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். எழுத்து வேலைக்கு ஒரு மேஜை, பொருள் கொடுக்க ஒரு மேஜை, மணிவாரியாக டோக்கன் என்று பிரித்தாலே பாதிக் கூட்டம் கரையும்.

ஜகாத் விஷயத்தில் அரவிந்தை அப்படியே பின்பற்ற முடியாது. அது உரியவர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்பதால் விசாரிக்கும் கடமை நமக்கு உண்டு. ஆனால் எங்கே, எப்போது விசாரிப்பது என்பது நம் கையில் இருக்கிறது. நாலு பேர் முன்னால் மேஜையில் வைத்துக் கேட்பதும், முன்கூட்டியே வீட்டுக்குப் போய்ச் சகோதரிகளைக் கொண்டு பக்குவமாகக் கேட்பதும் ஒன்றல்ல. தர்மத்தைச் சொல்லிக் காட்டியும் மனதைப் புண்படுத்தியும் வீணாக்கக் கூடாது என்ற போதனை நமக்குப் புதிதா என்ன? நம் முன்னோர் இதைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் எழுப்பிய மருத்துவமனை, செல்வர் ஏழை என்று பாராமல் எல்லாருக்கும் திறந்திருக்கும்படி வக்ஃப் செய்யப்பட்டது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லாச் சேவையையும் வேகப்படுத்த முடியாது. வசூல், டோக்கன், பட்டியல் ஆகியவற்றை விரைவாக்கலாம். மக்தபில் ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்து ஓதக் கேட்டுத் திருத்தும் உஸ்தாதுக்கு நூறு வருடத்துக்கு முன் ஆன நேரம்தான் இன்றும் ஆகும். பாமோல் என்ற பொருளாதார அறிஞர் 1960களிலேயே இதை விளக்கியிருக்கிறார். மற்ற தொழில்களில் வேகமும் சம்பளமும் கூடும்போது இதுபோன்ற பணிகளின் செலவு கூடித்தான் தீரும். உஸ்தாதின் சம்பளத்தைக் கூட்டக் கேட்டால் முகம் சுளிப்பவர்கள் அவரைப் படிக்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 'சேவை அறிவியல்' என்ற பெயரிலேயே பட்டப்படிப்பைத் தேடி அலைய வேண்டாம். புள்ளியியல், தொழிற்சாலைப் பொறியியல், கம்ப்யூட்டர் அறிவியல், ஆஸ்பத்திரி நிர்வாகம், எம்.பி.ஏ.வில் செயல்பாட்டு நிர்வாகம் ஆகியவை எல்லாம் இதன் வாசல்கள். கண் மருத்துவமனை நிர்வாகத்துக்கென்றே மதுரையில் அரவிந்த் நடத்தும் லைகோ என்ற பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

பயிற்சியாக ஒன்று. அடுத்த கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தின்போது, வாலிபர்கள் இரண்டு பேர் ஒரு நோட்டும் கடிகாரமும் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு தாய் படிவம் வாங்கியதிலிருந்து பணம் கைக்கு வரும்வரை எத்தனை முறை வந்தார், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் நின்றார், எந்தச் சான்றிதழுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டார், அன்றைக்குக் கூலி போயிற்றா என்று அவருடைய அனுமதியோடு எழுதட்டும். தாளின் நடுவில் ஒரு கோடு போட்டு, மேலே அவர் கண்ணுக்குத் தெரிந்தவற்றையும் கீழே நம் அலுவலகத்துக்குள் நடந்தவற்றையும் குறிக்கட்டும். ஷோஸ்டாக் சொன்ன வரைபடம் இதுதான். விண்ணப்பிக்காமலே இருந்துவிட்ட இரண்டு மூன்று வீடுகளுக்கும் போய்க் காரணம் கேட்டு வந்தால், இன்ஷா அல்லாஹ், அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் அந்தத் தாளை விரித்து வைத்துப் பேசலாம்.