உள்ளே மூன்று, வெளியே ஒன்று

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அங்கே தங்கச் சுரங்கம் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் பல இன்றும் அங்கேதான் வாழ்கின்றன. வரிசை வரிசையாக வீடுகள். அந்த வரிசையை 'லைன்' என்று சொல்வார்கள்.

ஒரு லைனில் பெண்கள் சங்கம் ஒன்று நடந்து வந்தது. சங்கத்துக்கு ஓர் அறை. அறையில் ஒரு டி.வி. சேமிப்புப் பணத்தில் வாங்கிய டி.வி. அது.

காலையில் அந்த அறையில் தையல் வகுப்பு. சொல்லிக் கொடுக்கும் பெண் லேப்டாப் கொண்டு வருவாள். அதை டி.வி.யில் மாட்டிப் படம் காட்டுவாள். மாலையில் பிள்ளைகள் வருவார்கள். டிடி ஃப்ரீ டிஷ்ஷில் பள்ளிப் பாடச் சேனல்கள் வருகின்றன. அதற்கு மாதக் கட்டணம் இல்லை. பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள். சனிக்கிழமை இரவு பழைய சினிமா. அதற்கு ஒரு டிவிடி பிளேயர்.

ஒரு டி.வி. அதில் மாட்ட மூன்று கருவிகள். இங்கேதான் தொல்லை தொடங்கியது.

பிடுங்கிப் பிடுங்கிப் பழுதானது

லேப்டாப்புக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் ஒரே மாதிரி வயர். டி.வி.யின் பின்னால் அதற்கு ஒரே ஒரு துளைதான் இருந்தது. ஒன்றைப் பிடுங்கினால்தான் இன்னொன்றைச் செருக முடியும். காலையில் ஒரு முறை பிடுங்கினார்கள். மாலையில் ஒரு முறை பிடுங்கினார்கள். பல மாதம் இப்படியே போனது.

ஒரு நாள் மாலை படம் வரவில்லை. வயரைக் கையால் பிடித்தால் படம் வந்தது. கையை விட்டால் படம் போனது. பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். ஒரு பையன் வயரைப் பிடித்துக்கொண்டே நின்றான். மற்றவர்கள் பாடம் பார்த்தார்கள்.

மெக்கானிக் வந்து பார்த்தார்.

"துளை ஆடுதும்மா. இப்போ பத்த வச்சுத் தர்றேன். இன்னொரு தடவை போச்சுன்னா உள்ளே இருக்கிற போர்டையே மாத்தணும். புது டி.வி. விலையில பாதி ஆயிடும்" என்றார்.

அன்று சங்கத்தில் சண்டை வந்தது. தையல் வகுப்பை நிறுத்தச் சொன்னார்கள் சிலர். டி.வி. பாடத்தை நிறுத்தச் சொன்னார்கள் சிலர்.

"எதையும் நிறுத்த வேணாம். ஒரு சுவிட்ச் பெட்டி வாங்கி மாட்டுங்க. டி.வி. துளையைத் தொடவே வேண்டியதில்லை" என்றார் மெக்கானிக்.

முதல் பெட்டி

சங்கப் பொருளாளரின் அண்ணன் பெங்களூரில் வேலை செய்கிறார். தினமும் ரயிலில் போய் வருவார். அவரிடம் பணம் கொடுத்தார்கள். அவர் ஒரு கடையில் கேட்டார். "டி.வி.க்கு ரெண்டு வயர் மாட்டுற பெட்டி கொடுங்க" என்றார். கடைக்காரர் ஒரு பெட்டி கொடுத்தார். 450 ரூபாய். பில் வாங்கவில்லை.

பெட்டியை மாட்டினார்கள். லேப்டாப் படம் வந்தது. செட்டாப் பாக்ஸ் படம் வரவே இல்லை. வயரை மாற்றி மாற்றிச் செருகினார்கள். பயன் இல்லை.

சங்கத்தில் ஓர் அக்கா உண்டு. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவர். தமிழ் படிப்பார். ஆங்கில எழுத்தும் கூட்டிப் படிப்பார். அவர் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். மெல்ல எழுத்துக் கூட்டினார்.

"அண்ணா, இங்கே 'இன்'னு போட்டிருக்கு. அப்படின்னா உள்ளே. அது ஒண்ணுதான் இருக்கு. இங்கே 'அவுட்'னு போட்டிருக்கு. அப்படின்னா வெளியே. அது ரெண்டு இருக்கு. நமக்கு வேண்டியது தலைகீழா இல்ல இருக்கணும்?"

அவர் சொன்னது சரி. அது சுவிட்ச் பெட்டி இல்லை. அது ஸ்பிளிட்டர். ஒரு கருவியின் படத்தை இரண்டு டி.வி.க்குப் பிரித்து அனுப்பும் பெட்டி அது. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

கடைக்காரர் திருப்பி வாங்க மறுத்துவிட்டார். சங்கத்தில் ஒருவர் வாரம் 50 ரூபாய் கட்டுகிறார். 9 பெண்களின் ஒரு வாரச் சேமிப்பு போய்விட்டது.

சுவிட்ச் பெட்டி என்ன செய்கிறது?

பங்காரப்பேட்டை ரயில் ஜங்ஷனை நினைத்துப் பாருங்கள். ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு பாதை வருகிறது. தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து ஒரு பாதை வருகிறது. கோலாரிலிருந்து ஒரு பாதை வருகிறது. மூன்று பக்கத்து ரயிலும் அங்கிருந்து பெங்களூருக்குப் போகலாம். ஆனால் ஒரு தண்டவாளத்தில் ஒரு நேரத்தில் ஒரு ரயிலுக்குத்தான் வழி விடுவார்கள். மற்றவை காத்திருக்கும்.

சுவிட்ச் பெட்டியும் அப்படித்தான். பல கருவிகளின் வயர் அதற்குள் வரும். ஒரே ஒரு வயர் டி.வி.க்குப் போகும். பொத்தானை அழுத்தினால் ஒன்றுக்கு வழி கிடைக்கும். மற்றவை காத்திருக்கும்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது எளிது. பெட்டியில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 'இன்' என்ற சொல் நேர்க்கோடு போன்ற எழுத்தில் தொடங்கும். 'அவுட்' என்ற சொல் வட்டம் போன்ற எழுத்தில் தொடங்கும். கோடு என்றால் உள்ளே. வட்டம் என்றால் வெளியே. கோட்டில் தொடங்கும் சொல் பல இடத்திலும், வட்டத்தில் தொடங்கும் சொல் ஓர் இடத்திலும் இருந்தால் அது சுவிட்ச் பெட்டி.

சில சிறிய பெட்டிகள் இரண்டு விதமாகவும் வேலை செய்யும். அவற்றில் இரண்டு கருவிகளை ஒரு டி.வி.யில் மாட்டலாம். ஒரு கருவியை இரண்டு டி.வி.யிலும் மாட்டலாம். அப்போதும் ஒரு நேரத்தில் ஒரு டி.வி.யில்தான் படம் தெரியும்.

முதலில் டி.வி.யின் பின்பக்கம் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை இது. டி.வி.யின் பின்னால் இரண்டு வகைத் துளைகள் இருக்கலாம்.

ஒன்று பழைய வகை. மூன்று வட்டத் துளைகள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு. மஞ்சள் வயரில் படம் போகும். வெள்ளையிலும் சிவப்பிலும் ஒலி போகும். வெள்ளை இடப்பக்க ஒலி. சிவப்பு வலப்பக்க ஒலி.

மற்றொன்று புது வகை. பெயர் எச்.டி.எம்.ஐ. தட்டையான துளை. கீழ்ப்பக்கம் குறுகி இருக்கும். இந்த ஒரே வயரில் படமும் போகும், ஒலியும் போகும்.

சங்கத்து டி.வி.யில் இரண்டு வகையும் இருந்தன. டிவிடி பிளேயர் பழைய வகை. அதன் மூன்று வண்ண வயர் நேராக டி.வி.க்கே போனது. அதற்குச் சுவிட்ச் பெட்டி தேவைப்படவில்லை. லேப்டாப்புக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் மட்டுமே பெட்டி தேவைப்பட்டது.

ஒன்றை மறக்கக் கூடாது. சுவிட்ச் பெட்டி ஒரு வகையை மற்றொரு வகையாக மாற்றாது. மூன்று வண்ண வயரைத் தட்டைத் துளையில் மாட்ட வேண்டுமானால் 'கன்வெர்ட்டர்' என்ற வேறு கருவி வேண்டும். அதற்குத் தனிச் செலவு.

எப்படிப்பட்ட பெட்டி வாங்கலாம்?

எத்தனை வழி: கருவிகளை எண்ணுங்கள். அதோடு ஒன்று கூட்டுங்கள். இன்று இரண்டு கருவி இருந்தால் மூன்று வழிப் பெட்டி வாங்கலாம். நாளைக்கு ஒரு கருவி கூடினால் புதுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை.

எத்தனை வயர்: இதிலும் ஒன்று கூட்டுங்கள். ஒவ்வொரு கருவியிலிருந்தும் பெட்டிக்கு ஒரு வயர். பெட்டியிலிருந்து டி.வி.க்கு ஒரு வயர். இரண்டு கருவி என்றால் மூன்று வயர். பெட்டியை மட்டும் வாங்கி வந்து, வயருக்காக மறுபடியும் கடைக்கு ஓடுபவர்கள் நிறையப் பேர்.

எவ்வளவு நீளம்: வயர் நீண்டால் படம் விட்டு விட்டு வரலாம். தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். கருவிகளை டி.வி.யின் பக்கத்திலேயே வையுங்கள்.

மின்சாரம்: சில பெட்டிகளுக்குத் தனி மின்சாரம் வேண்டாம். கருவியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். சில பெட்டிகளுக்கு 5 வோல்ட் அடாப்டர் உண்டு. வயர் நீளமாக இருந்தால் மின்சாரம் உள்ள பெட்டி நல்லது. அடாப்டரில் இந்தியத் தர அமைப்பின் பதிவுக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

பொத்தான்: சில பெட்டிகள் தாமாகவே மாறும். எந்தக் கருவியைப் புதிதாகப் போடுகிறோமோ அதற்கு வழி விடும். ஆனால் செட்டாப் பாக்ஸ்கள் சில, ரிமோட்டில் அணைத்த பிறகும் உள்ளே விழித்திருக்கும். அப்போது பெட்டி அதிலேயே நின்றுவிடலாம். கையால் அழுத்தும் பொத்தான் இருப்பது அவசியம்.

படத்தின் அளவு: அட்டையில் 1080 என்றோ 4கே என்றோ எழுதியிருக்கும். 4கே என்பது மிக நுணுக்கமான படம். 4கே டி.வி. வைத்திருந்தால் 4கே பெட்டி வாங்க வேண்டும். டி.வி. 1080 என்றால் 1080 பெட்டியே போதும். 4கே பெட்டி வாங்கினாலும் படம் கூடுதல் தெளிவாகாது. பணம்தான் கூடுதலாகும்.

பூட்டு: கட்டணச் சேனல்களையும் சினிமாக்களையும் யாரும் நகல் எடுக்காதபடி ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் எச்.டி.சி.பி. பெட்டிக்கு இந்தப் பூட்டுத் தெரியாவிட்டால் திரை கறுப்பாகிவிடும். அட்டையில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது பெட்டி

இந்த முறை அந்த அக்காவும் ரயில் ஏறினார். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் மின்னணுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு கடைக்குப் போனார். கையில் ஒரு துண்டுத்தாள். அதில் நான்கு வரி எழுதியிருந்தார்.

உள்ளே 3. வெளியே 1.
எச்.டி.எம்.ஐ. வகை.
டி.வி. 1080.
வயர் 1, நீளம் 1 மீட்டர்.

இரண்டு வயர் ஏற்கெனவே இருந்தது. மூன்றாவது வயர்தான் வேண்டியிருந்தது.

கடைக்காரர் ஐந்து வழிப் பெட்டியைக் காட்டினார். "இது 4கே, ரிமோட் இருக்கு. இதையே எடுத்துக்கங்க" என்றார்.

"எங்க டி.வி. 1080-தாங்க. எங்களுக்கு மூணு வழி போதும். பெட்டியைக் கொஞ்சம் கொடுங்க, படிச்சுப் பாக்கறேன்" என்றார் அக்கா.

படித்துப் பார்த்தார். கோடு மூன்று. வட்டம் ஒன்று. அட்டையில் அதிகபட்ச விலையையும் படித்தார். அதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது. வரியும் அதற்குள் அடக்கம். பேரம் பேசிக் குறைத்தும் வாங்கலாம்.

"படம் வரலைன்னா பத்து நாளைக்குள்ள மாத்தித் தருவீங்களா? பில்லுல எழுதிக் கொடுங்க" என்றார். கடைக்காரர் எழுதிக் கொடுத்தார். பெட்டியும் வயரும் சேர்த்து 600 ரூபாய்.

மாலையில் எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு வயர்களைச் செருகினார்கள். பிறகு டி.வி. ரிமோட்டில் 'சோர்ஸ்' பொத்தானை அழுத்தினார்கள். எந்தத் துளையில் பெட்டி இருக்கிறதோ அதைத் தேர்ந்தார்கள். படம் வந்தது. பெட்டியின் பொத்தானை அழுத்தினார்கள். பாடச் சேனல் போய்த் தையல் படம் வந்தது.

அக்கா பெட்டியின் மேல் ஒரு தாளை ஒட்டினார். '1 - செட்டாப் பாக்ஸ். 2 - லேப்டாப். 3 - காலி. வயரைப் பிடுங்க வேண்டாம்.' என்று தமிழில் எழுதினார். வயரைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து பாடம் பார்க்கிறான்.

நினைவில் வையுங்கள்

1. பல கருவி, ஒரு டி.வி. என்றால் சுவிட்ச் பெட்டி. ஒரு கருவி, பல டி.வி. என்றால் ஸ்பிளிட்டர்.
2. கருவிகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வழியைக் கணக்கிடுங்கள். வயரையும் அப்படியே கணக்கிடுங்கள்.
3. எழுதியிருப்பதைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.
4. பில் வாங்குங்கள். கடையில் ஏமாற்றப்பட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அப்போது பில் கையில் இருக்க வேண்டும்.

பேசிப் பாருங்கள்

1. முதல் பெட்டியில் படம் ஏன் வரவில்லை?
2. டிவிடி பிளேயருக்குப் பெட்டி ஏன் தேவைப்படவில்லை?
3. உங்கள் வீட்டு டி.வி.யின் பின்னால் எத்தனை துளைகள் உள்ளன? எந்த வகை?

எழுதிப் பாருங்கள்

ஒரு வீட்டில் எச்.டி.எம்.ஐ. வகைக் கருவிகள் 3 உள்ளன. டி.வி.யில் ஒரு துளைதான் உள்ளது. எத்தனை வழிப் பெட்டி வாங்கலாம்? மொத்தம் எத்தனை வயர் வேண்டும்? கடைக்கு எடுத்துப் போகும் துண்டுத்தாளை நீங்களே எழுதுங்கள்.