கண்ணின் மேல் ஒரு குழிலென்சு

பத்தாம் வகுப்பு ஒளியியலில் பார்வைக் குறைபாடுகளுக்கு வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரே படத்தைத்தான் வரைந்து வந்தேன். இணைக்கதிர்கள் வரும், விழிலென்சில் வளையும், கிட்டப்பார்வை என்றால் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். முன்னால் ஒரு குழிலென்சு வரைந்தால் பாடம் முடிந்தது. சென்ற ஆண்டு ஒரு மாணவியின் கேள்வி அந்தப் படத்தைத் திருத்த வைத்தது.

பள்ளியில் நடந்த பார்வைப் பரிசோதனையில் அவளுக்குக் கிட்டப்பார்வை என்று தெரிந்து, இலவசக் கண்ணாடியும் வந்திருந்தது. ஆனால் அது புத்தகப் பையை விட்டு வெளியே வந்ததில்லை. "சோடாபுட்டி" என்று யாரோ ஒருநாள் சொன்னது போதுமாக இருந்தது. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுவாள். அன்று எழுந்து கேட்டாள்: "டீச்சர், கண்ணாடிக்குப் பதிலா கண்ணுலயே லென்ஸ் வெச்சுக்கலாம்னு எங்க அக்கா சொல்றாங்க. ஒளி வளையறது உள்ளே இருக்கிற லென்ஸ்லதானே? மேலே ஒட்டினா எப்படி டீச்சர் சரியாகும்?"

நாளை சொல்கிறேன் என்றேன். உண்மையில் எனக்கும் தெளிவாகத் தெரியாது.

அன்றிரவு படித்தபோதுதான் என் படத்தில் இருந்த பிழை புரிந்தது. கண்ணின் மொத்தத் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் சுமார் 43 டயாப்டர் கார்னியாவின் பங்கு. விழிலென்சின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான். காற்றிலிருந்து கண்ணுக்குள் நுழையும் இடத்திலேயே ஒளி பெரிதும் வளைந்துவிடுகிறது. விழிலென்சின் வேலை, அருகிலும் தொலைவிலும் பார்ப்பதற்கேற்பத் திறனைக் கூட்டிக் குறைப்பது. கிட்டப்பார்வையிலும் பெரும்பாலும் குறை லென்சில் இல்லை. விழிக்கோளம் சற்று நீண்டுவிடுவதே காரணம். சுமார் 24 மி.மீ. நீளமுள்ள கண்ணில் 1 மி.மீ. கூடினாலே ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் வரை வேறுபாடு வந்துவிடும்.

மறுநாள் வகுப்பில், "கிணத்துல குதிச்சுக் கண்ணைத் திறந்து பார்த்தவங்க யாரு?" என்று தொடங்கினேன். பாதி வகுப்பு கை தூக்கியது. எல்லாம் மங்கலாகத் தெரிந்தது என்றார்கள். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, கார்னியாவுடையது சுமார் 1.376. இரண்டும் நெருங்கியவை என்பதால் நீருக்குள் கார்னியா தன் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. இதைக் காட்ட ஒரு வாளித் தண்ணீரும் பூதக்கண்ணாடியும் போதும். எழுத்துள்ள ஒரு சில்வர் டப்பா மூடியை வாளியின் அடியில் போட்டு, பூதக்கண்ணாடியை முழுவதும் நீருக்குள் அமிழ்த்திப் பாருங்கள். எழுத்து முன்போலப் பெரிதாகாது.

இனி தொடுவில்லைக்கு, அதாவது கான்டாக்ட் லென்ஸுக்கு வருவோம். அது கார்னியாவின் மேலுள்ள மெல்லிய கண்ணீர்ப் படலத்தில் மிதக்கிறது. ஒளி காற்றிலிருந்து முதலில் சந்திக்கும் பரப்பு இப்போது கார்னியா அல்ல, லென்சின் முன்பரப்பு. கிட்டப்பார்வைக்கான லென்சில் அந்தப் பரப்பு கார்னியாவைவிடச் சற்றுத் தட்டையாக இருக்கும். கதிர்கள் குறைவாக வளைந்து, விழித்திரை வரை சென்று குவியும். கிண்ணம்போல வளைந்திருப்பதால் மாணவர்கள் இதைக் குவிலென்சு என்பார்கள். நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்திருப்பதைக் காட்டினால், குழிலென்சுதான் என்று ஒப்புக்கொள்வார்கள். கார்னியா கூம்புபோலப் புடைத்தவர்களுக்குக் கடினவகை லென்சு பொருத்துவதுண்டு. இடைவெளியைக் கண்ணீர் நிரப்பி, மேடுபள்ளத்தை மறைத்துவிடுகிறது. இங்கே கண்ணீரும் ஒரு லென்சு!

மூக்குக்கண்ணாடியின் திறனையே தொடுவில்லைக்கும் கொடுக்கலாமா? நல்ல கணக்கு இது. கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 1.2 செ.மீ. தள்ளி இருக்கிறது. மைனஸ் 8 டயாப்டர் கண்ணாடியின் குவியத்தொலைவு 12.5 செ.மீ. அதே குவியப்புள்ளிக்கு விழியிலிருந்து அளந்தால் 13.7 செ.மீ. ஆகவே தேவைப்படும் திறன் 100/13.7, அதாவது மைனஸ் 7.3. மைனஸ் 2.5 என்றால் வேறுபாடு மிகச் சிறியது. P = 1/f என்ற சூத்திரத்தை வாய்ப்பாடாக ஒப்பிக்கும் மாணவர்களும் இந்தக் கணக்கில் ஆர்வத்தோடு இறங்கினார்கள்.

வரலாற்றையும் ஐந்து நிமிடம் சொன்னேன். 1888இல் அடால்ஃப் ஃபிக் உருவாக்கிய கண்ணாடி லென்சு விழியின் வெள்ளைப் பகுதி வரை மூடியது. சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது. காரணம் உயிரியல். கார்னியாவில் இரத்தக்குழாய்கள் இல்லை. விழித்திருக்கும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரிதும் காற்றிலிருந்து கண்ணீர் வழியாகவே பெறுகிறது. 1961 கிறிஸ்துமஸ் காலத்தில் செக்கோஸ்லோவாக்கியாவின் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, நீரை உறிஞ்சும் மென்மையான பிளாஸ்டிக்கில் தம் வீட்டிலேயே லென்சு வார்த்தார். கருவி? மகனின் மெர்குர் விளையாட்டுச் சாமான்களும் ஒரு சைக்கிள் டைனமோவும். இதைக் கேட்டதும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ஆண்டுவிழா நடனத்துக்காக நிற லென்சு வாங்கி, இரண்டு மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். திறன் இல்லாத லென்சும் உயிருள்ள திசுவைத்தான் தொடுகிறது. கண் மருத்துவர் அளந்து கொடுக்காமல் அணியக்கூடாது, பகிரக்கூடாது, போட்டுக்கொண்டு தூங்கக்கூடாது. குழாய்த் தண்ணீரில் கழுவவே கூடாது. அதில் இருக்கக்கூடிய அகாந்தமீபா என்னும் ஒருசெல் உயிரி கார்னியாவைத் துளைத்துப் பார்வையையே பறிக்கவல்லது. உரிய கரைசலுக்கு மாதாமாதம் செலவும் உண்டு. "கொஞ்ச நாள் போகட்டும், டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுவோம். அதுவரைக்கும் பையில இருக்கிறதும் அதே வேலையைத்தான் செய்யும்" என்று அந்த மாணவியிடம் சொன்னேன்.

பிறகு ஒரு செயல்பாடு. ஒரு கண்ணை மூடி, பாடநூலை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே போய், எழுத்து மங்கத் தொடங்கும் தொலைவை நண்பரை விட்டு அளக்கச் சொன்னேன். அவளுக்கு 40 செ.மீ. வந்தது. 100/40, மைனஸ் 2.5. சரிபார்க்கக் கண்ணாடிச் சீட்டு வேண்டும் என்றேன். பையிலிருந்து சீட்டோடு கண்ணாடிக் கூடும் வெளியே வந்தது. சீட்டிலும் அதே எண். தற்செயலாக இவ்வளவு பொருந்தியது என் அதிர்ஷ்டம். இது தோராயமான அளவுதான், பரிசோதனைக்கு மாற்றல்ல. போட்டுப் பார்க்கிறேன் என்று போட்டவள், மணி அடிக்கும்வரை கழற்றவில்லை. அதன்பின் சில நாள் போடுகிறாள், சில நாள் மறந்து வருகிறாள்.

நான் எதிர்பாராதது வேறொன்று. கடைசி பெஞ்சு மாணவன் ஒருவனுக்கு 60 செ.மீ.யிலேயே எழுத்து மங்கியது. பரிசோதனை நாளில் அவன் பள்ளிக்கு வந்திருக்கவில்லை. அன்று மாலையே அவன் அப்பாவை அழைத்து, அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்குக் கூட்டிச் செல்லச் சொன்னேன்.